ஏரியை வற்றவைத்தவர் யார்?

சூரியன் எல்லோருக்கும் பொது. இதனை மறுப்பார் எவருமிலர். ஆனால் சூரிய ஒளி விழுகின்ற நிலம் எல்லோருக்கும் பொதுவாக இல்லை. இந்த எளிய உண்மையை மறைத்துப் பேசும் பேச்சுக்கள் இன்று பெருகி வருகின்றன. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து உலகைச் சூடேற்றிய நாடுகள் இப்பொழுது சூரிய மின்சாரத்தின் பக்கம் திரும்பியுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆயின், ஒளித்தகடுகளை எங்கே பரப்புவது என்ற கேள்வி எழும்போது, திட்டம் வகுப்போர் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு வெறுமையாகத் தோன்றும் இடங்களைத் தேடுகின்றனர். அவர்களுடைய விரல் வந்து நிற்கும் இடங்களுள் வற்றிப்போன ஏரிப் படுகைகளும் அடங்கும்.

அவர்கள் கூறும் நியாயங்கள் கேட்பதற்கு இனியவை. படுகை தட்டையான நிலம், வெட்டுவதற்கு மரமில்லை, எழுப்புவதற்குக் குடியில்லை, உவர் படிந்த மண்ணில் பயிரும் விளையாது, வெயிலுக்கோ குறைவில்லை. செத்துப்போன நிலத்தில் மின்சாரம் விளைவித்தால் யாருக்கு நட்டம் என்று அவர்கள் கேட்கின்றனர். நம் முற்போக்கு அன்பர்களிலும் சிலர் இவ்வாதத்தைக் கேட்டுத் தலையசைக்கின்றனர். விஞ்ஞானத்தின் வெற்றி என்கின்றனர். நாம் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்க விரும்புகின்றோம்: அந்த நிலம் எவ்வாறு செத்தது?

எல்லா வற்றிய ஏரிகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. பனியூழிக் காலம் முடிந்தபின், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இயற்கையின் போக்கில் வற்றிய ஏரிகள் அமெரிக்காவின் நெவாடா, கலிபோர்ணியா மாநிலங்களின் பாலைகளில் பல உண்டு. அவற்றைப் பற்றி நாம் இங்கு வழக்காடவில்லை. மனிதன், அதிலும் பணமும் அதிகாரமும் படைத்த மனிதன், திட்டமிட்டு வற்றவைத்த ஏரிகளும் உள்ளன. அவற்றின் கதையே வேறு. அக்கதையை அறிய கலிபோர்ணியாவின் ஓவென்ஸ் ஏரியைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

சியெரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கே நீண்டு கிடக்கின்றது ஓவென்ஸ் பள்ளத்தாக்கு. அங்கு வாழும் பயூட் பழங்குடி மக்கள் அந்நாட்டைப் ‘பயாஹூனாது’ என்பர். நீர் ஓடும் நிலம் என்பது அதன் பொருள். மலைப்பனி உருகிவந்த நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, உணவுக்குரிய கிழங்குப் பயிர்களை வளர்த்தவர்கள் அவர்கள். பள்ளத்தாக்கின் தென்கோடியில் ஏறக்குறைய 280 சதுரக் கிலோமீற்றர் பரப்பில் அந்த ஏரி விரிந்து கிடந்தது. அதனை அவர்கள் ‘பட்சியாட்டா’ என அழைத்தனர். 1870களில் வெள்ளிச் சுரங்கங்களின் வெள்ளிப் பாளங்களை ஏற்றிக்கொண்டு நீராவிக் கப்பல் ஓடிய ஏரி அது. இன்று வெறுநிலம் என்று வருணிக்கப்படும் இடத்தில் கப்பல் ஓடியது என்பதை நினைவில் வைத்திருத்தல் நன்று.

முதலில் பறிபோனது நிலம். கால்நடைகளுடன் வந்து குடியேறிய வெள்ளையருக்கும் பயூட் மக்களுக்குமிடையே போர் மூண்டது. 1863இல் ஏறக்குறைய ஆயிரம் பயூட் மக்கள் படையினரால் வளைக்கப்பட்டு, தெற்கே தேஹோன் கோட்டைக்குக் கால்நடையாக நடத்திச் செல்லப்பட்டனர். 1865இல் அவ்வேரிக் கரையிலேயே படுகொலை ஒன்றும் நிகழ்ந்தது; முப்பதுக்கும் மேற்பட்டோர் ஏரிநீருக்குள் துரத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். குடியே இல்லாத நிலம் என்று சொல்வோர் அங்கே குடி இல்லாமற்போன காரணத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா?

அடுத்துப் பறிபோனது நீர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வளர்ந்தது. அதற்கு நீர் வேண்டியிருந்தது. நகரின் முகவர்கள் தம் நோக்கத்தை வெளியிடாது பள்ளத்தாக்கின் நிலங்களையும் நீருரிமைகளையும் வாங்கலாயினர். வில்லியம் மல்ஹொலண்ட் என்ற பொறியியலாளரின் தலைமையில் 233 மைல் நீளமான கால்வாய் கட்டப்பட்டு 1913 நவம்பரில் திறந்து வைக்கப்பட்டது. திறப்பு விழாவிலே அவர் ஆற்றிய உரை மிகச் சிறியது. இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு பள்ளத்தாக்கின் உயிரை எடுத்துக்கொள்வதற்கு அதற்குமேற் சொற்கள் தேவைப்படவில்லை.

எடுத்துக்கொண்டவர் யார்? நகரின் ஏழை மக்களும் நீர் குடித்தனர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் கால்வாய் வரப்போகின்றது என்பதை முன்கூட்டியே அறிந்த பத்திரிகை முதலாளிகளும் இரயில்பாதை முதலாளிகளும் வழியிலுள்ள சான் பெர்னான்டோ பள்ளத்தாக்கில் மலிவு விலைக்கு நிலத்தை வாங்கிக் குவித்திருந்தனர். நீர் வந்ததும் அந்நிலத்தின் விலை ஏறியது. 1915இல் அப்பகுதி நகரத்துடன் இணைக்கப்பட்டது. ஓவென்ஸ் பள்ளத்தாக்கின் விவசாயிகள் வாளாவிருக்கவில்லை. 1924இல் கால்வாயின் மதகுகளைக் கைப்பற்றினர். அவ்வாண்டிலும் 1927இலும் கால்வாயை வெடிவைத்துத் தகர்க்க முயன்றனர். அப்போராட்டம் தோற்றது. 1926ஆம் ஆண்டளவில் ஏரி வற்றிப் போயிற்று. 1939இல் பயூட் மக்களின் நிலங்களை மாற்றீடு செய்யும் உடன்படிக்கை ஒன்று நகருக்கும் மத்திய அரசாங்கத்துக்குமிடையே செய்யப்பட்டது. அதில் அம்மக்களின் நீருரிமை தீர்வின்றி விடப்பட்டது.

ஏரி வற்றியபின் எஞ்சியது உப்பும் களியும். காற்று வீசும்போது அப்படுகையிலிருந்து எழுந்த வெண்புழுதி கீலர் முதலிய சிற்றூர்களை மூடிற்று. அது சாதாரணப் புழுதியன்று. பத்து மைக்ரோமீற்றரிலும் சிறிய, நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்துகள். ஆர்சனிக் முதலிய நஞ்சுகள் கலந்தது. அமெரிக்க நாடு முழுவதிலும் இத்தகைய துகள் எழும் தனியிடங்களுள் ஓவென்ஸ் படுகையே தலையாயது என்ற பெயர் அதற்குப் பல ஆண்டுகளாக நிலைத்திருந்தது. நகரத்தின் குழாயில் நீர் ஓடியது. பள்ளத்தாக்கின் மக்களது மூச்சிலே ஏரியின் உப்பு ஓடியது.

நகரம் தானாக மனம் இரங்கி எதனையும் செய்யவில்லை. வளித் தூய்மைச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட நெருக்குதலாலும் நீண்ட வழக்காடலாலும், 1998இல் புழுதியை அடக்குவதற்கு அது உடன்பட்டது. 2001ஆம் ஆண்டின் இறுதியிலே படுகையின் மீது முதன்முறையாக நீர் பரப்பப்பட்டது. பின்னர் சில இடங்களில் ஆழமற்ற நீர்ப்பரப்பு, சில இடங்களில் உவர்ப்புல், சில இடங்களில் சரளைக்கல் என்று பல முறைகள் கையாளப்பட்டன. இதுவரை செலவான தொகை 200 கோடி டொலருக்கும் மேலாகும். எடுத்த நீரில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கொடுப்பதற்கே இவ்வளவு போராட்டமும் பொருட்செலவும் வேண்டியிருந்தன.

இந்தக் கட்டத்திலேதான் சூரியத் தகடு மேடையேறுகின்றது. 2009இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நீர் மின் திணைக்களம், ஓவென்ஸ் படுகையில் சூரியத் தகடுகளைப் பரப்பலாம் என்ற திட்டத்தை முன்வைத்தது. தகடுகள் காற்றின் வேகத்தைத் தடுக்கும், புழுதி அடங்கும், மின்சாரமும் கிடைக்கும், புழுதியை அடக்கச் செலவாகும் நீரும் மிச்சமாகும் என்று கூறப்பட்டது. ஒரே கல்லில் மூன்று மாங்காய்! பார்ப்பதற்கு எவ்வளவு அழகான திட்டம்!

ஆனால் மூன்றாவது மாங்காயைச் சற்று உற்றுநோக்குவோம். மிச்சமாகும் நீர் எங்கே போகும்? ஏரிக்கா? அன்று. மீண்டும் கால்வாய் வழியே நகரத்துக்கே போகும். நூறாண்டுகளுக்கு முன் எடுத்த நீரில் சட்டத்தின் கட்டாயத்தால் திருப்பிக் கொடுத்த சிறு பங்கையும், பசுமையின் பெயரால் மறுபடியும் எடுத்துக்கொள்வதே இதன் உட்பொருள். நாம் சூரியத் தகட்டைக் குறைகூறவில்லை. களவுபோன பொருளின் வெற்றிடத்தை மூடுவதற்கு அது பயன்படுத்தப்படுவதையே குறைகூறுகின்றோம். ஏரி வற்றியிருக்கும்வரை, நீரைத் திருப்பித் தா என்று கேட்பதற்கு இடமுண்டு. அதன்மீது இரும்புத் தூண்களும் கோடிக்கணக்கான டொலர் முதலீடும் ஊன்றப்பட்டுவிட்டால், முதலீட்டைக் காக்கவேண்டும் என்பதே நியாயமாகிவிடும். அப்போது ஏரிக்கு நீர் வருவது வெள்ள அபாயம் எனப் பெயர் பெறும். திருட்டு நிரந்தரமாவது இவ்வாறுதான்.

இனி, செத்த நிலம் என்ற வாதத்தைப் பார்ப்போம். 2001இன் பின் நீர் பரப்பப்பட்ட இடங்களில் நிகழ்ந்தது என்ன? உவர்நீரில் பாசியும் சிற்றீக்களும் பெருகின. அவற்றை உண்பதற்கு வடக்கும் தெற்குமாகக் கண்டங்களைக் கடந்து செல்லும் கரைப்பறவைகள் பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கின. முக்கால் நூற்றாண்டு வற்றிக் கிடந்த படுகை சாண் ஆழ நீரைக் கண்டதும் உயிர்த்தது. 2018இல் அது மேலைப் புவிக்கோளத்தின் கரைப்பறவைக் காப்பிடங்களின் வலையமைப்பிலும் சேர்க்கப்பட்டது. செத்தவன் எழுந்து நடமாடத் தொடங்கியபின்னும் மரணச் சான்றிதழைக் காட்டிச் சொத்தைப் பங்கிட முயல்வோரை என்னென்பது?

ஏரிகளின் நினைவு நீண்டது. கலிபோர்ணியாவின் துலாரே ஏரியை எடுத்துக்கொள்வோம். மிசிசிப்பி நதிக்கு மேற்கே பரப்பளவில் மிகப் பெரிய நன்னீர் ஏரியாக விளங்கியது அது. யோக்குட்ஸ் பழங்குடியினரின் ஏரி. அதற்கு நீர் கொணர்ந்த ஆறுகளை மறித்தும் திருப்பியும் அதனை வற்றவைத்துப் பெரும் பருத்திப் பண்ணைகளை அமைத்தனர் முதலாளிகள். ஏரி செத்தது என்றே நிலப்படங்கள் கூறின. 2023ஆம் ஆண்டில் பெருமழையும் மலைப்பனியும் வந்தன, ஏரி மீண்டது. ஓர் இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் நீரினுள் மூழ்கின. முதலாளியின் உறுதிப்பத்திரத்தை ஆறு வாசித்துப் பார்ப்பதில்லை. தாழ்ந்த நிலத்தைத் தேடி நீர் வரும் என்பது எந்தச் சிறுவனும் அறிந்த பாடம்.

பொறியியலின் கண்கொண்டு பார்த்தாலும் படுகை அத்துணை எளிதான இடமன்று. உப்பு இரும்பை அரிக்கும். ஈரக்களியில் தூண் உறுதியாக நிற்பது கடினம். தகட்டின்மேற் புழுதி படிந்தால் மின் விளைவு குறையும். அதைக் கழுவுவதற்கு நீர் வேண்டும். நீரை மிச்சம் பிடிக்க வந்த தகடு நீர் கேட்கும் விந்தையையும் காணலாம். ஓவென்ஸ் படுகையில் 2009இல் பேசப்பட்ட பெரும் பண்ணை எழவேயில்லை.

ஆனால் அத்தோடு பள்ளத்தாக்கை விட்டார்களா? இல்லை. 2013இல் மன்சனார் என்ற இடத்தின் எதிரே 1,200 ஏக்கரில் 200 மெகாவாற் சூரியப் பண்ணை அமைக்க அதே திணைக்களம் முற்பட்டது. மன்சனார் எது? பயூட் மக்கள் வாழ்ந்த இடம். பின்னர் பழத்தோட்டக் குடியானவர் வாழ்ந்த ஊர். 1920களில் நகரம் நீருக்காக நிலத்தை வாங்கியதும் தோட்டங்கள் காய்ந்தன. 1942இல் அவ்விடத்திலே முட்கம்பி வேலியிட்டு, யப்பானிய வம்சாவளியினரான பத்தாயிரம் பேரைச் சிறைவைத்தது அமெரிக்க அரசாங்கம். அவர்களிற் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். ஒரே நிலத்தில் மூன்று முறை மக்கள் வேரறுக்கப்பட்டனர். சிறையிருந்தோரின் வழித்தோன்றல்களும் பயூட் மக்களும் பள்ளத்தாக்கின் குடிகளும் ஒன்றுசேர்ந்து அத்திட்டத்தை எதிர்த்தனர், திட்டம் நிறைவேறவில்லை. வெவ்வேறு காலத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் ஒரே மேடையில் நின்ற அந்நிகழ்ச்சி நம் சிந்தனைக்குரியது.

இங்கு நம்மைப் பார்த்துச் சிலர் கேட்பர்: உலகம் வெந்துகொண்டிருக்கும்போது பழங்கதை பேசி நல்ல திட்டங்களுக்குக் குறுக்கே நிற்கலாமா? வறட்சியாலும் வெள்ளத்தாலும் முதலில் அழிவோர் ஏழைகள் அல்லவா? இக்கேள்வி நேர்மையானது. எனவே நேர்மையாகவே விடை கூறுவோம்.

முதலாவதாக, வற்றவைத்த ஏரியை மீட்பது நடவாத காரியமன்று. ஓவென்சுக்கு வடக்கேயுள்ள மோனோ ஏரியின் ஓடைகளையும் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1941 முதல் திருப்பிக்கொண்டது. ஏரி நாற்பது அடிக்குமேல் தாழ்ந்தது. 1976இல் பல்கலைக்கழக மாணவர் சிலர் அங்கு சென்று ஆராய்ந்தனர். 1978இல் டேவிட் கெயின்ஸ் முதலியோர் ஏரியைக் காக்கக் குழு அமைத்தனர். 1983இல் மாநில உயர் நீதிமன்றம், ஏரி மக்களின் பொது நம்பிக்கைச் சொத்து, அதனைக் காப்பது அரசின் கடமை என்று தீர்ப்பளித்தது. 1994இல் நீர்வளச் சபை ஏரிக்குரிய நீர்மட்டத்தை நிர்ணயித்தது. அம்மட்டத்தை எட்டும் வேலை நினைத்ததைவிட மெதுவாகவே நடக்கின்றதாயினும், ஏரி அழியவில்லை. நகரமும் தாகத்தால் மடியவில்லை. 1970இல் இருந்ததைவிட பத்து இலட்சம் பேர் கூடுதலாக வாழும் நகரம் இன்று அக்காலத்தைவிடக் கூடுதலான நீரைச் செலவிடவில்லை. இதனைத் தொடங்கிவைத்தோர் மாணவர்கள் என்பதை நம் மாணவ அன்பர்கள் கருத்திற் கொள்வார்களாக.

இரண்டாவதாக, தகட்டை வைக்க வேறிடம் இல்லை என்பது பொய். நகரத்தின் கூரைகள் எங்கே? களஞ்சியசாலைகளின் கூரைகள், வாகனத் தரிப்பிடங்கள் எங்கே? கலிபோர்ணியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில், உவரேறிப் பயிரிட இயலாது கைவிடப்பட்ட வயல்களிலே சூரியப் பண்ணைகள் எழுந்துள்ளன. குஜராத்தில் 2012இல் நர்மதைக் கிளைக் கால்வாயின் மீதே தகடுகளைக் கூரையாகப் பரப்பி மின்சாரம் எடுத்தனர். நீர் ஆவியாவதையும் அது குறைத்தது. அங்கே தகடு நீரைக் காத்தது. ஓவென்சிலோ தகடு நீருக்குப் பதிலாக வர இருந்தது. இரண்டும் ஒரே தகடுதான், நோக்கமே வேறு. கூரையில் தகடு வைத்தால் அதன் பயன் வீட்டுக்காரனுக்கும் போய்ச்சேரும். பாலையில் வைத்தாலோ மின்கம்பியின் இரு முனைகளும் ஒருவர் கையிலேயே இருக்கும். சிலருக்குப் பாலைமீது இத்துணைக் காதல் பிறப்பதன் இரகசியம் இதுவே.

மூன்றாவதாக, இடதுசாரிகளாகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஓவென்ஸ் ஏரியை வற்றவைத்தது தனியார் கம்பனி அன்று. நகர மக்களுக்குச் சொந்தமான பொது நிறுவனம். பொதுவுடைமை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் திருப்தியடைந்துவிடலாகாது. எந்தப் பொது? யாருடைய பொது? வாக்குரிமையுள்ள நகரத்தின் பொதுவுடைமை, வாக்குரிமையில்லாத பள்ளத்தாக்குக்கு அந்நியனின் ஆட்சியாகவே இருந்தது. உற்பத்திச் சாதனத்தின் உடைமை மட்டுமன்றி, அதனால் தாக்கப்படும் மக்களின் சம்மதமும் அதிகாரமும் சேர்ந்தால்தான் அது உண்மையான பொதுவுடைமையாகும். இல்லாவிடின் முதலாளி செய்ததையே முத்திரை மாற்றிச் செய்வதாகும்.

நம் நாட்டு ஆசிரியருக்கும் மாணவருக்கும் இக்கதை தொலைதூரக் கதையன்று. நமது வரண்ட வலயம் குளங்களால் வாழும் நிலம். கோடையில் வற்றிய குளத்தைப் பார்த்துப் பட்டணத்தான் வெறுநிலம் என்பான். ஊரான் அதனை வெறுநிலம் என்று சொல்லமாட்டான். அவனுடைய மாடுகள் அங்கே மேய்கின்றன. மாரி வந்ததும் அதே இடத்தில் அவனுடைய நெல்லுக்கு நீர் நிற்கின்றது. 2023இல் பூநகரிக் குளப் பகுதியில் 700 மெகாவாற் சூரிய மின்திட்டம் ஒன்றுக்கு நம் அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. அத்தகைய திட்டம் எதுவாயினும் வேண்டாம் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு கூறவில்லை. மின்சாரமின்றிப் பள்ளிக்கூடமும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேளாதிருப்பது முற்போக்காகாது. குளத்தின் நீர்மட்டத்தை இனித் தீர்மானிப்பவர் யார்? மேய்ச்சலையும் மீன்பிடியையும் இழப்பவருக்கு என்ன உரிமை? மின்சாரம் முதலில் எந்த ஊருக்குப் போகும்? ஒப்பந்தத்தை ஊரார் தம் மொழியில் வாசித்தார்களா?

நமது நிலைப்பாட்டைச் சுருங்கக் கூறுவோம். மனிதன் வற்றவைத்த ஏரியில் முதல் உரிமை நீருக்கே உண்டு. நீரைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று ஐயமற நிறுவப்பட்ட இடத்திலேதான் வேறு பயன்பற்றிப் பேசலாம். அங்கும் ஏரியை இழந்த மக்களே முடிவு செய்வோராகவும் வருவாயின் உரிமையாளராகவும் இருத்தல் வேண்டும். அதற்கு முன்னர் கூரைகளும் கால்வாய்களும் பாழான வயல்களும் நிரம்பட்டும்.

நிலத்தைச் செத்தது என்று சொல்பவன் பெரும்பாலும் அதனைக் கொன்றவனாகவோ கொன்றவனிடமிருந்து வாங்கியவனாகவோ இருக்கின்றான். ஆகையால் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நாம் தலையசைப்பதை நிறுத்துவோம். வகுப்பறையிலும் வாசகசாலையிலும் கூட்டங்களிலும் எழுந்து நின்று கேட்போம்: இந்த ஏரியை வற்றவைத்தவர் யார்? எடுத்த நீரைத் திருப்பித் தருவது எப்போது?